ஓட்டையில்லாத இரண்டு சைலன்சர்கள்

அக்கா,

நேற்று மாலை அவிநாசி ரோடு சிக்னலில் வேன் நின்றபோது எங்களுக்கு முன்னால் நான்கு கார்கள் நின்றன. நான்கின் முதுகிலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே நீளச் சிவப்பு விளக்கு, இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்ததுபோல. நான்கும் வேறு வேறு கம்பெனிகளின் வண்டிகள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று செய்தவர்களுக்கே தெரியாது. ஜன்னலோரம் இருந்த நான் என்னையறியாமல் "எல்லாம் ஒரே கட்டிங்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் காதிலிருந்து இயர்போனை எடுத்து "என்னங்க்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அது உங்கள் சொல் என்பதை அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிக்கொண்டு போனவர் பத்தே நாளில் இல்லாமல் போனீர்கள். உங்களிடம் சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நேற்று அந்தச் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று மிச்சமிருக்கிறது என்று தோன்றியது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்குமா தெரியவில்லை. சேவூரில் எங்கள் தெரு முனைக்கே கம்பெனி கார் வந்து நின்றது. டிரைவர் இருக்கையில் ஒரு பெண்ணை, உங்களை, பார்த்ததும் அப்பா ஒரு நிமிடம் தயங்கி, பிறகு என்னைவிட அதிகமாக நிம்மதியடைந்தார். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். அம்மா பனியன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணி எடுத்துக் கொடுத்து மடித்துவைக்கும் கைமடி வேலை பார்த்தவர். ஏற்றுமதிக் கம்பெனி ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பது எங்கள் வீட்டுக்குப் புதிது. எனக்கு அதைவிடப் புதிது, அங்கே ஆட்கள் சத்தமாகப் பேசிக்கொள்வது. நான் காரின் கடைசி இருக்கையில் போய் ஒடுங்கிக்கொண்டேன்.

நீங்கள் என்னை எதுவும் கேட்கவில்லை. என்ன படித்தாய், எத்தனை பேர் வீட்டில், கல்யாணம் எப்போது என்று எதுவும். கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு எதிரே வந்த ஒரு வண்டியின் முகப்புக் கம்பிகளைக் காட்டி, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னீர்கள்: "இவனுக்கு எதுக்கு இத்தன பல்லு? ரோட்டத் திங்கவா போறான்?"

சேவூரிலிருந்து திருப்பூர் வந்து சேரும் வரை அப்படித்தான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து ஆறு வருடம் செக்கிங் பிரிவில் உட்கார்ந்து, பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று தேடிப் பார்த்த கண் உங்களுடையது. லைசென்ஸ் எடுத்து, நீங்களாகவே முதலாளியிடம் போய்ப் பெண்களை ஏற்றிவரும் வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று கேட்டு வாங்கியவர் நீங்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகும் செக்கிங்கை விடவில்லை. எதிரே வருகிற, முன்னால் போகிற ஒவ்வொரு காரையும் மேஜையில் விரித்துப் போட்டதுபோலப் பார்த்தீர்கள். பக்கவாட்டில் தகட்டை மடித்து மடித்து வைத்திருந்த கோடுகளைக் காட்டி, அயர்ன் பண்ணத் தெரியாதவன் கையில் சட்டையைக் கொடுத்தது யார் என்று கேட்டீர்கள். கண்போல மேலே இருப்பது வெறும் அலங்காரம், உண்மையான ஹெட்லைட் கீழே கன்னத்தில் இருக்கிறது என்று நீங்கள் காட்டும் வரை நான் கவனித்ததே இல்லை. காற்று போகிற வழி மாதிரி கறுப்பாக ஒரு சல்லடை இருக்கும், பின்னால் அடைத்திருக்கும். கூரைமேல் இரண்டு கம்பி இருக்கும், எதையும் கட்ட விடமாட்டார்கள். சக்கரத்தைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக், காட்டுக்குள் போகப்போகிறவன் மாதிரி. அவன் போவதோ ராயபுரத்தில் மாமனார் வீட்டுக்கு.

நான் சிரிப்பேன், சத்தம் வராமல். நீங்கள் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போவீர்கள்.

உங்களுக்கு எந்த வண்டியும் பிடிக்காது என்று ஒருநாள் கூட வந்த அக்கா ஒருவர் கிண்டல் செய்தார். நீங்கள் அப்போது துணிக்கட்டு ஏற்றிக்கொண்டு போன ஒரு சின்ன டெம்போவைக் காட்டினீர்கள். இரண்டு வட்ட விளக்கு, ஒரு கண்ணாடி, ஒரு கதவு. "என்ன வேலைக்கு வந்துச்சோ அந்த மூஞ்சியோட வந்திருக்கு பாரு" என்றீர்கள். அந்த டெம்போ திரும்பிப் போகும் வரை, அழகான பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள்.

உங்களிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியமும் கார் பற்றியதுதான். சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். எல்லாக் கம்பெனிக்காரர்களும் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் காப்பி அடிக்கிறான், வெட்கமில்லை என்று திட்டிக்கொண்டிருந்தீர்கள். அன்று காலைதான் என் மேஜைக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் மெயில் வந்திருந்தது. இன்னொரு கம்பெனியின் டீ-ஷர்ட் படத்தை ஒட்டி, இதே மாதிரி வேண்டும், காலரை மட்டும் மாற்றுங்கள் என்று எழுதியிருந்தார்கள். "நாமளும் அதத்தானுங்க்கா செய்யறோம்" என்றேன். போன வருடம் எது விற்றதோ அதைத்தான் எல்லோரும் இந்த வருடம் கேட்கிறார்கள், யாருக்கும் தனியாக நின்று தோற்க விருப்பமில்லை, காரிலும் அப்படித்தான் இருக்கும் என்றேன். அத்தனையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வியர்த்துப் போனேன்.

நீங்கள் வண்டியை ஓரம் கட்டாத குறை. "அட, புள்ளைக்கு வாய் இருக்கு" என்று சிரித்தீர்கள். கொஞ்ச தூரம் போனபின், "இருந்தாலும் நம்ம மாத்துறது காலரு தாயி. அவுக மாத்துறது பல்ல மட்டும்" என்று விட்டுக்கொடுக்காமல் முடித்தீர்கள். அன்றிலிருந்து எனக்கு முன்னிருக்கை.

அந்த மாதங்களில் உங்களுக்கு ஒரே ஆசைதான். கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போய் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை அழைத்துவர முதலாளி புதிதாக ஒரு பெரிய கார் வாங்கியிருந்தார். அந்த வண்டிச் சாவி வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. ஒரு மாதம் ஒருநாள்கூடத் தாமதமில்லாமல் ஓட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். நீங்கள் ஓட்டினீர்கள். எங்கள் தெரு முனையில் உங்கள் ஹாரன் கேட்டால் அம்மா கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார். மாதத்தில் இன்னும் நான்கு நாள்தான் மிச்சம் இருந்தது. அந்த மாதத்தைத்தான் நான் கெடுத்தேன்.

அன்று மதியம் பிரிண்டிங் யூனிட்டுக்கு நீங்களும் நானும் போனோம். சீல் போட்ட சாம்பிளை எடுத்துவர வேண்டும். வாங்குகிறவர்கள் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்த ஒரே துணி அது. அது வந்து சேராமல் தையலில் ஒரு மெஷின்கூட ஓடாது. மூன்று மணிக்கு வாங்குகிற கம்பெனியின் ஆள் எங்கள் ஆபீஸில் காத்திருப்பார். நான் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் வரிசையாக வெள்ளை வண்டிகள். நம் வண்டியும் வெள்ளை. நீங்கள் இருக்கையில் இல்லை, டீ குடிக்கப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். பின்கதவைத் திறந்தேன், திறந்தது. பையை வைத்தேன். டெலிவரி சீட்டில் கையெழுத்து வாங்க மறந்தது நினைவுக்கு வந்து திரும்ப உள்ளே ஓடினேன்.

வெளியே வந்தால் அந்த இடம் காலி. நீங்களோ பத்து வண்டி தள்ளி, நிழலில் நிறுத்திய நம் வண்டிக்குள்ளிருந்து கையசைக்கிறீர்கள்.

உங்கள் அருகில் வந்து சொன்னதுகூட பாதி அழுகையில் கரைந்துபோனது. நீங்கள் திட்டவில்லை. "எப்படி இருந்துச்சு அந்த வண்டி?" என்று கேட்டீர்கள். வெள்ளை என்றேன். "அது தெரியுது." பின்கண்ணாடியில் முருகன் வேல் ஒட்டியிருந்தது என்றேன். "திருப்பூர்ல வேல் ஒட்டாத வண்டி எது? அழாமச் சொல்லு."

அப்போதுதான் சொன்னேன். பின்னால் கீழே வெள்ளி நிறத்தில் சதுரமாக இரண்டு சைலன்சர் வாய் இருந்தது. இரண்டிலும் ஓட்டை இல்லை, மூடியிருந்தது. பின்கண்ணாடி வைப்பரில் காய்ந்த செவ்வந்தி மாலை ஒன்று சுற்றியிருந்தது.

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். "நம்ம வண்டிக்கு அந்த டம்மி கிடையாதே. அதப் பாத்துட்டுமா வச்ச?"

ஆமாம் என்றேன். கதவைத் திறக்கும்போதே ஏதோ வேறாக இருக்கிறதே என்று பட்டது. நான்தான் இத்தனை நாளும் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"கண்ணு இருக்கு ஒனக்கு. அத நம்பத்தான் மாட்டேங்க" என்றீர்கள். சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்துவிட்டீர்கள். திருப்பூர் டிரைவர்கள் எல்லோரும் இருக்கிற உங்கள் வாட்ஸப் குழுவில் குரல் பதிவு ஒன்று போனது: வெள்ளை வண்டி, டாப் மாடல், டம்மி சைலன்சர் ரெண்டு, பின் வைப்பரில் காய்ந்த செவ்வந்தி, எங்கே பார்த்தாலும் நிறுத்திவைங்க, பொம்பளப் புள்ளையோட வேலை போயிரும். ஒரே முகத்தோடு ஆயிரம் வண்டி ஓடுகிற ஊரில் இது எப்படிக் கிடைக்கும் என்று நான் நினைத்தேன். அரை மணி நேரத்துக்குள் ஒருவர் பதில் போட்டார். ஊத்துக்குளியில் வெண்ணெய்க் கடை வாசலில் நிற்கிறது, செவ்வந்தி மாலை இன்னும் விழவில்லை.

நீங்கள் அன்று ஓட்டியதைப்போல யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. வேகத்தைச் சொல்லவில்லை. ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை, யாரையும் ஒதுக்கவில்லை. எங்கே இடம் உண்டாகும் என்று முன்கூட்டியே தெரிந்ததுபோல வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஊத்துக்குளியில் அந்தக் காரின் பின்னிருக்கையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இன்னொரு பனியன் கம்பெனி முதலாளியின் மனைவி, வழியில் ஏறிக்கொண்டவர். அவர் காலடியில் வெண்ணெய் டப்பாக்கள். நம் பை அவர் மடியில்.

"உங்குளுதுங்களா கண்ணு? எங்கூட்டுக்காரரு சாம்பிளாக்கும்னு நெனச்சேன். வெண்ணெ பட்டுரப்போவுதுன்னு மடியிலயே வெச்சுட்டு வந்தேன்" என்றார். அவருடைய டிரைவர், ஒரு பெண் வந்து பையை வைத்ததைத் தான் தூரத்திலிருந்து பார்த்ததாகவும், முதலாளி கொடுத்தனுப்பியது என்று நினைத்ததாகவும் சொன்னார். யார்மீதும் தப்பில்லை, என்னைத் தவிர.

மூன்றே முக்காலுக்கு ஆபீஸ் வந்தோம். முதலாளி அறைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார். நான் அப்போது தகுதிகாண் காலத்தில் இருந்தேன். இன்னும் இரண்டு வாரம் போனால்தான் வேலை நிரந்தரம். உங்களுக்கு அது தெரியும். ஏன் தாமதம் என்று அவர் கேட்டதும் நீங்கள் எனக்கு முன்னால் ஓரடி எடுத்து வைத்தீர்கள். "டயர் பஞ்சருங்க. ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல. நான் காலையிலயே பாத்திருக்கணும்" என்றீர்கள். அவர் உங்களைப் பார்த்தார். காற்றுப் பார்க்காமல் ஒருநாளும் வண்டி எடுக்காதவர் நீங்கள் என்பது அவருக்கும் தெரியும். "சரிங்க. ஏர்போர்ட் வண்டிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார்.

என் வாய் அங்கேயே இருந்தது. திறக்கவில்லை.

அன்று மாலை திரும்பும்போது நீங்கள் வழக்கம்போலப் பேசினீர்கள். புதிதாக வந்த ஒரு காருக்குப் பெயர்கூட வைத்தீர்கள், மூக்கு முழுக்க மூக்குத்தி என்று. மறுநாளும் பேசினீர்கள், அதற்கு மறுநாளும். ஒரு சொல் குத்தலாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மற்ற டிரைவர்கள் மட்டும் காத்துப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு ஏர்போர்ட் வண்டி கேட்குதா என்று உங்கள் காதுபடவே சொன்னார்கள். நீங்கள் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

நான்காம் நாள் காலை, யாரும் வருவதற்கு முன் முதலாளி அறை வாசலில் போய் நின்றேன். "பஞ்சர் ஆகலீங்க சார். சாம்பிளை வேற வண்டியில வெச்சது நானுங்க" என்றேன். அதற்குமேல் எதையும் மனப்பாடம் செய்துகொண்டு வரவில்லை. அவர் உட்காரச் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன், வேல் முதல் வெண்ணெய் வரை. ஓட்டையில்லாத சைலன்சர் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஓட்ட இல்லாம எப்படி சைலன்சர் இருக்கும்?"

அலங்காரத்துக்கு வைக்கிறார்கள், உண்மையான குழாய் அடியில் தரையைப் பார்த்து இருக்கும் என்றேன். அவர் எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் போனேன். விமான நிலையத்துக்கென்று வாங்கிய அந்தப் புது வண்டி வாசலில் நின்றது. அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குனிந்து, பின்னால் பளபளத்த சதுரத்துக்குள் விரலை விட்டார். விரல் பாதியில் நின்றது. மற்றதிலும் விட்டுப் பார்த்தார். அதுவும் நின்றது.

"இத்தன நாளா நெசம்னே நெனச்சுட்டிருந்தேன்" என்றார், காரிடம் சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்து, உன் தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீட்டுகிறேன், அவரிடம் போய்ச் சாவியை நீயே கொடு என்றார்.

சாவியைக் கையில் வாங்கியதும் நீங்கள் என்னிடம் கோபப்பட்டீர்கள். உண்மையான கோபம். "மூணு மாசத்தத் தொலச்சிட்டு வந்து நிக்க. நான் என்ன ஏர்போர்ட் பாக்காமச் செத்தா போயிருவேன்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனீர்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தபோது புது வண்டியின் உள்ளே உட்கார்ந்து இருக்கையை உங்கள் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். கண் சிவந்திருந்தது. நான் பார்க்காததுபோலப் போய்விட்டேன்.

அதன்பிறகு இரண்டு வருடம் அந்த வண்டி உங்கள் கையில் இருந்தது. நீங்கள் கிண்டல் செய்த எல்லாமும் அதில் இருந்தன: பல், மூக்குத்தி, அடைத்த சல்லடை, எதையும் கட்ட முடியாத கூரைக் கம்பி. ஒருநாள் காலையில் நீங்கள் பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, அந்தப் பொய்ச் சைலன்சர்களின் மூலையில் இருந்த சேற்றை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அதை ஏன் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். நிமிராமலே சொன்னீர்கள்: "பொய்யா இருந்தாலும் எம் பொறுப்புல இருக்குல்ல. அழுக்காவா கொண்டு போய் நிறுத்துறது?" விமான நிலையத்தில் இறங்கிய வெளிநாட்டுக்காரர்கள் காரைப் பாராட்டினால் தேங்க்யூ என்பீர்களாம். திரும்பி வந்து என்னிடம் மட்டும், "அவனுக்கும் இதுதான் புடிக்குது தாயி. நம்மதான் சிறுபான்ம" என்பீர்கள்.

உங்களை எதற்காக எல்லாம் நினைக்கிறேன் என்று யோசித்தால், அந்தக் கிண்டலைவிட இதுதான் முதலில் வருகிறது. பிடிக்காத ஒன்றைக்கூட அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தீர்கள். எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்று மற்றவர்கள் பார்ப்பதை விட்டுவிடும் இடத்தில்தான் நீங்கள் பார்க்கத் தொடங்குவீர்கள். வண்டியில் அப்படி. மனிதர்களிலும் அப்படி, கடைசி இருக்கையில் சத்தமில்லாமல் சிரித்தவளையும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும்.

இனி, மிச்சமிருக்கிறது என்று சொன்னது. நான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னதற்காக நீங்கள் பிறகு பலரிடம் என்னைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். தைரியமான புள்ள என்று உங்கள் மகளிடம் சொன்னீர்களாம். ஊரில் உங்கள் காரியத்துக்கு வந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நான் சொன்னது நான்காம் நாள், அக்கா. முதல் மூன்று நாளும் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வேலை நிரந்தரமாகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். உங்கள் ஆசை போனாலும் போகட்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்? அதை நான் உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்றும் தோன்றுகிறது. எதைத்தான் நீங்கள் பார்க்காமல் விட்டீர்கள்?

போன வாரம் ஆபீஸில் இரண்டு வெள்ளைத் துணிகளை மேஜைமேல் வைத்து எல்லோரும் ஒரே வெள்ளைதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒன்றில் மிக மெல்லிய நீலம் ஓடுவது எனக்குத் தெரிந்தது. அந்த நிறத்துக்கு ஒப்புதல் வாங்கிய மெயில் என்னுடையது. தப்பு என்றால் அது என் தப்புதான். பெரிய ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று நிமிடம் பேசாமல் நின்றேன். பிறகு, "ரெண்டும் வேறுங்க. நான்தான் சரியாப் பாக்காம அனுப்பிட்டேன்" என்றேன். நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துவிட்டுத் துணியை மாற்றினார்கள்.

அன்று மூன்று நாள் ஆனது, அக்கா. இப்போது மூன்று நிமிடம். அதையும் குறைக்க வேண்டும்.